ரெய்க்யவிக்கில் ஒரு பின்னறை

ஐஸ்லாந்துக்குப் போகிறவர்கள் அருவிகளையும் எரிமலைகளையும் பனியாறுகளையும் பார்க்கப் போகிறார்கள். நான் ஒரு செஸ் ஆட்டம் நடந்த இடத்தைப் பார்க்கப் போனேன். 1972 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை மாலை. உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் மூன்றாவது ஆட்டம். வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தவர் உலக சாம்பியன் போரிஸ் ஸ்பாஸ்கி. கருப்புக் காய்களோடு உட்கார்ந்தவர் அமெரிக்காவின் பாபி ஃபிஷர். மேடையில் நடக்க வேண்டிய ஆட்டம், ரசிகர்கள் கண்ணில் படாத ஒரு பின்னறையில் நடந்தது. கருப்பு வென்றது.

கருப்பு வெல்வது என்றால் என்ன என்று செஸ் ஆடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் நகர்த்தல் எப்போதும் வெள்ளைக்குத்தான். அந்த ஒரு அடி முன்னால் இருப்பதாலேயே பெரிய போட்டிகளில் 100 புள்ளிகளில் 54, 55 புள்ளிகள் வெள்ளைக்குப் போய்ச் சேருகின்றன. உலக சாம்பியனுக்கு எதிரே கருப்போடு உட்காருகிறவர் டிரா கிடைத்தாலே நிம்மதியாக எழுந்து போவார். ஃபிஷரோ அந்த நாள்வரை ஸ்பாஸ்கியை ஒருமுறைகூட வென்றதில்லை. போட்டிக்கு முன்பு இருவரும் ஆடிய ஆட்டங்களில் மூன்று தோல்வி, இரண்டு டிரா. இந்தப் போட்டியிலும் அவர் 0–2 என்று பின்தங்கியிருந்தார். அந்த நிலையில் வந்த வெற்றி அது. அது நடந்த ஊரையும் அந்த ஊர் மனிதர்களையும் பார்க்க வேண்டும் என்று நெடுங்காலமாக ஆசை.

கெப்லவிக்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் தெரிவது மரமில்லாத நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உறைந்துபோன எரிமலைக் குழம்பு. கரும்பாறை மேடுகள், அவற்றின்மேல் சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் பாசி. வீடோ வேலியோ மாடோ இல்லை. கடல் பக்கமிருந்து காற்று விடாமல் அடிக்கிறது. ஜூலை மாதத்தில் ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு நின்றேன். சென்னையில் அன்று வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது.

ரெய்க்யவிக் நகரம் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு நடுவயதுப் பெண். கோபன்ஹேகனில் படிக்கும் மகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர். எரிமலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். செஸ் என்றேன். "அப்படியானால் லாகர்தல்ஸ்ஹோல் அரங்கத்துக்குப் போவீர்கள்" என்றார் உடனே. தான் செஸ் ஆடியதே இல்லையாம். ஆனால் அந்தக் கோடையைப் பற்றிப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தாராம். "உலகம் முழுக்க எங்கள் ஊர்ப் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்" என்று அவர் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. 1972-ல் ஐஸ்லாந்தின் மொத்த மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. இப்போதும் நான்கு லட்சத்தைத் தொடவில்லை. அவ்வளவு சிறிய தேசம் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் மோதிக்கொண்ட மேடையைத் தாங்கியது. ஜூலை 1 தொடக்க விழாவுக்கு ஃபிஷர் வரவேயில்லை. பணம் போதாது என்றார். இங்கிலாந்தின் நிதியாளர் ஜிம் ஸ்லேட்டர் 1,25,000 டாலர் தன் கையிலிருந்து தந்து பரிசுத் தொகையை இரட்டிப்பாக்கினார். அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர் தொலைபேசியில் அழைத்துப் போய் ஆடச் சொன்னார். ஜூலை 4 காலையில் ஃபிஷர் இதே கெப்லவிக்கில் வந்து இறங்கினார். இந்தக் கரும்பாறை வெளியைத் தாண்டித்தான் அவரும் நகரத்துக்குள் போயிருக்க வேண்டும்.

ரெய்க்யவிக்

தலைநகரம் என்றாலும் உயரமில்லாத ஊர். நெளிதகரம் போர்த்திய வீடுகள்; சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். தெருக் கோடியில் கடல், கடலுக்கு அப்பால் மலை. ஜூலையில் நள்ளிரவை நெருங்கும்போதுதான் சூரியன் மறைகிறது. மறைந்த பிறகும் இருட்டுவதில்லை. இரவு பதினொரு மணிக்குத் தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஏழு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும் ஊரில் பிறந்த எனக்கு உடம்பு தூக்கத்தைத் தேடியது, கண் அதற்கு இணங்கவில்லை.

லாகவெகுர் என்ற கடைத்தெருவில் ஒரு சிறிய உணவகம். ஆட்டிறைச்சி சூப் கேட்டேன். உருளைக்கிழங்கும் காரட்டும் டர்னிப்பும் எலும்போடு சேர்ந்து வெந்த தெளிவான குழம்பு. மிளகும் இல்லை, மிளகாயும் இல்லை. உப்பும் ஏதோ ஒரு காய்ந்த தழையும் மட்டும். முதல் வாயில் சப்பென்று இருந்தது. மூன்றாவது வாயில் இறைச்சியின் சொந்தச் சுவை தெரிய ஆரம்பித்தது. கோடை முழுவதும் மலையில் தன் போக்கில் மேய்ந்த ஆடு என்று பரிமாறியவர் சொன்னார். அதோடு ரை ரொட்டி வந்தது. நிலத்தடிச் சூட்டில் பானையோடு புதைத்து வைத்து மணிக்கணக்கில் வேகவைக்கும் ரொட்டி. கருத்து, ஈரமாக, லேசாக இனிக்கும். தடவுவதற்கு வெண்ணெய் தாராளமாக வைத்தார்கள். குளிர் ஊரில் அந்தக் கொழுப்பு ஏன் வேண்டும் என்பதை வெளியே வந்து காற்றில் நின்றபோது உடம்பு சொன்னது.

இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆசிரியர், மருத்துவர், பிரதமர், யாராயிருந்தாலும் அப்படித்தான். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை; அப்பா பெயரைத்தான் தன் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்தைப் போட்டுக்கொள்ளும் நமக்கு இந்த ஊர் அந்த ஒரு விஷயத்தில் அந்நியமாகத் தெரிவதில்லை. இந்த நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ரித்ரிக் ஓலாஃப்ஸன், ஓலாஃபின் மகன் ஃப்ரித்ரிக். பின்னாளில் 1978 முதல் 1982 வரை உலக செஸ் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். பேச்சு செஸ் பக்கம் திரும்பினால் போதும், இங்கே அவர் பெயரை யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

லாகர்தல்ஸ்ஹோல்

நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் வருவதற்கு முன்பு ரெய்க்யவிக் பெண்கள் அழுக்குத் துணி மூட்டைகளைச் சுமந்துகொண்டு லாகவெகுர் வழியாக இந்த ஊற்றுகளுக்கு நடந்து வந்து துவைத்திருக்கிறார்கள். பனிக்காலத்திலும் நடந்திருக்கிறார்கள். போகவர ஆறேழு கிலோமீட்டர். திரும்பும்போது மூட்டை ஈரத் துணியின் கனம். துவைத்த இடத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கல் தொட்டிகளின்மேல் இரும்பு வளைவுகள். கொதிநீரில் தவறி விழாமல் இருக்க வைத்தவை. நம் ஊர் ஆற்றுத்துறைகளில் துவைத்துத் துவைத்துக் கை காய்த்துப்போன பெண்களை நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

அதே பள்ளத்தாக்கில், 1965-ல் கட்டிய விளையாட்டரங்கம்தான் லாகர்தல்ஸ்ஹோல். வெள்ளைக் கூரை, கான்கிரீட் சுவர், அலங்காரம் இல்லாத கட்டடம். கைப்பந்து, கூடைப்பந்து, இசைக் கச்சேரி எல்லாம் இங்கே நடக்கின்றன. நான் போன நேரம் உள்ளே இளம் பெண்கள் கைப்பந்துப் பயிற்சியில் இருந்தார்கள். பந்து தரையில் மோதும் சத்தம் கூரைவரை போய்த் திரும்பியது. ஒரு தும்மலைக்கூட, ஒரு கேமராவின் முனகலைக்கூடப் பொறுக்க முடியாமல் ஃபிஷர் வாதாடிய மண்டபம் இதுதான்.

அரங்கத்துக்குப் பக்கத்திலேயே பொது நீச்சல் குளம். உள்ளே போகுமுன் சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். பெரிய குளத்தின் ஓரத்தில் வெந்நீர்த் தொட்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பேச்சு நடப்பது அங்கேதான். நமக்கு டீக்கடை பெஞ்சு எப்படியோ அவர்களுக்கு அந்தத் தொட்டி அப்படி. கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரோடு பேச்சு தொடங்கியது. 1972-ல் அவர் பள்ளிச் சிறுவன். அப்பாவோடு மூன்றாவது ஆட்டத்துக்கு வந்திருக்கிறார்.

"மேடை காலியாக இருந்தது. மேசை, நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கிறது, ஆட்கள் இல்லை. நகர்த்தல்கள் மட்டும் திரையில் வந்துகொண்டிருந்தன" என்றார்.

காசு கொடுத்து வந்தவர்களுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"ஆட்டம் நடக்கிறதே என்று சந்தோஷம்தான். ஃபிஷர் ஊரை விட்டுப் போகப்போகிறார் என்று அதற்கு முந்தைய நாட்களில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாமே முடிந்துவிட்டது என்று அப்பா சொல்லிவிட்டார்."

முடிந்திருக்கத்தான் வேண்டும். முதல் ஆட்டத்தில் டிரா ஆக வேண்டிய நிலையில் ஃபிஷர் தன் மந்திரியை, அதாவது பிஷப்பை, எதிரியின் பொறிக்குள் அனுப்பித் தோற்றார். பிறகு படப்பிடிப்புக் கேமராக்களை எடுத்தால்தான் வருவேன் என்று இரண்டாவது ஆட்டத்துக்கு வரவேயில்லை. அவருடைய கடிகாரம் மட்டும் ஒரு மணி நேரம் ஓடி நின்றது. அந்த ஆட்டமும் ஸ்பாஸ்கி கணக்கில் சேர்ந்தது. 24 ஆட்டப் போட்டியில் 12 புள்ளி எடுத்தாலே நடப்புச் சாம்பியன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வார். ஸ்பாஸ்கிக்குக் கையில் 2. கேமரா இல்லாத பின்னறையில் என்றால் ஆடுகிறேன் என்று ஃபிஷர் தரப்பிலிருந்து சொல் வந்தது. மறுக்க ஸ்பாஸ்கிக்கு முழு உரிமை இருந்தது. எதிராளி வராமல் போனால் பட்டம் பத்திரமாக மாஸ்கோவுக்குத் திரும்பும். திரும்பி வா என்று அங்கிருந்தும் அழுத்தம் வந்தது. ஸ்பாஸ்கி கேட்கவில்லை. ஆடத்தான் வந்தேன் என்று நின்றார். பின்னறைக்குச் சம்மதித்தார்.

அந்த அறை டேபிள் டென்னிஸ் ஆடும் இடம். உள்ளே போன ஃபிஷர் அங்கே ஒரு கேமரா இருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். ஸ்பாஸ்கிக்கும் பொறுமை போய்விட்டது. தலைமை நடுவர் லோதர் ஷ்மித், ஜெர்மனியின் கிராண்ட்மாஸ்டர், இருவரையும் கெஞ்சி, தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஸ்பாஸ்கி ராணியின் முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். ஆட்டம் தொடங்கியது.

ஹார்பா

துறைமுகத்தின் ஓரத்தில் கண்ணாடியால் எழுந்து நிற்கிறது ஹார்பா இசை அரங்கம். 2011-ல் திறந்தது. கடலின் வெளிச்சம் மாற மாற அதன் சுவரின் நிறமும் மாறுகிறது. ரெய்க்யவிக் ஓபன் செஸ் போட்டி பல ஆண்டுகளாக இங்கேதான் நடக்கிறது. 2018-ல் தமிழ்நாட்டு கிராண்ட்மாஸ்டர் பாஸ்கரன் அதிபனும் 2022-ல் சென்னையின் பிரக்ஞானந்தாவும் அந்தப் போட்டியை வென்றார்கள். அந்தக் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே நடந்தபோது மனம் நிறைந்திருந்தது.

ஜன்னலோர மேசையில் மடக்குப் பலகையை விரித்து மூன்றாவது ஆட்டத்தை வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். சென்னையில் என் பெரியப்பா 1972-ல் செய்தித்தாளில் வந்த அந்த ஆட்டங்களை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டிலிருந்து நான் பழகிய முதல் ஆட்டம் அது. பக்கத்து மேசையில் அம்மாவோடு இருந்த பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து வந்து பார்த்தாள். வெள்ளைக்கு நான் ஆடட்டுமா என்று கேட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு நகர்த்தலாக வைத்தோம்.

பத்து நகர்த்தல் வரை புத்தகத்தில் உள்ள பெனோனி ஆட்டம். 11-வது நகர்த்தலில் ஃபிஷர் தன் குதிரையை ராஜா பக்கத்து ஓரக் கட்டத்துக்கு அனுப்பினார். குதிரையை ஓரத்தில் நிறுத்தாதே என்பது எந்தப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். அதோடு, வெள்ளை மந்திரி அந்தக் குதிரையை வெட்டினால் கருப்பு ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் வரிசை உடைந்துவிடும். ஸ்பாஸ்கி நெடுநேரம் யோசித்தார். பிறகு வெட்டினார்.

"நானும் வெட்டியிருப்பேன்" என்றாள் அந்தப் பெண்.

ஃபிஷர் தன் ராணியையும் இன்னொரு குதிரையையும் வெள்ளை ராஜாவின் பக்கம் கொண்டுபோனார். ஸ்பாஸ்கி அந்தக் குதிரையையும் வெட்ட, உடைந்த சிப்பாய் ஒன்று நகர்ந்து போய் நல்ல இடத்தில் நின்றது. பலவீனம் என்று நினைத்தது பலமானது. மறுபக்கம் கருப்புச் சிப்பாய்கள் முன்னேறின. 26-வது நகர்த்தலில் ஒரு சிப்பாய் நான்காவது வரிசைக்குப் பாய்ந்து, எந்த வெள்ளைச் சிப்பாயும் தடுக்க முடியாத தனிப் பாதையில் நின்றது. யானைகள் இரண்டும் நடுவரிசையில் சேர்ந்தன. 31-வது நகர்த்தலில் ஃபிஷர் தன் கருங்கட்ட மந்திரியைக் கொடுத்து வெள்ளைக் குதிரையை வாங்கினார். நடுவில் நின்ற வெள்ளைச் சிப்பாய்க்குக் காவல் போயிற்று. அடுத்த நகர்த்தலில் அதுவும் விழுந்தது. யானைகள் வெட்டிக்கொண்டு போயின. மிச்சம் இரண்டு பக்கமும் ஒரு ராணி, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள்.

அதற்குப் பிறகு நான் வைக்க வைக்க அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பு ராணி வெள்ளை ராஜாவைத் துரத்திப் பலகை முழுக்கச் சுற்றுகிறது.

"இந்த ராணி வெள்ளைக் கட்டத்தில் மட்டும்தான் நடக்கிறது" என்றாள்.

பெரியப்பாவின் நோட்டில் இதை எத்தனையோ முறை ஆடிப் பார்த்த எனக்கு அந்தச் சின்னப் பெண் சொன்ன பிறகுதான் அந்த ஆட்டத்தின் முழு உருவம் தெரிந்தது. ஓரத்துக் குதிரையை வெட்டியது ஸ்பாஸ்கியின் வெண்கட்ட மந்திரி. அந்த மந்திரி பலகையை விட்டுப் போன பிறகு வெள்ளைக் கட்டங்களைக் காக்க ஆளில்லை. இருபது நகர்த்தலுக்கு மேல் கழித்து அந்தக் கட்டங்கள் வழியாகத்தான் கருப்பு உள்ளே நுழைந்தது. 34-வது நகர்த்தலிலிருந்து ஃபிஷரின் ராணி மிதித்த ஒவ்வொரு கட்டமும் வெள்ளைக் கட்டம். கடைசி அடி கொடுத்ததும் அவருடைய வெண்கட்ட மந்திரிதான். அந்த ஓரக் குதிரைக்கு எதிராக வெள்ளைக்கு நல்ல வழிகளைப் பிறகு மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்த மாலையில், கடிகாரம் ஓட, எதிரே ஃபிஷர் உட்கார்ந்திருக்க, அதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

ஐந்து மணி நேரம் ஆடிய பிறகு ஆட்டம் மறுநாளைக்கு ஒத்தி வைக்கப்பட்டது. ஃபிஷர் தன் 41-வது நகர்த்தலை எழுதி உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ஜூலை 17 அன்று உறையைப் பிரித்தபோது ராஜாவுக்குச் செக் வைக்கும் அந்த மந்திரி நகர்த்தல் இருந்தது. ஸ்பாஸ்கி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஃபிஷரிடம் அவர் கண்ட முதல் தோல்வி.

ஸ்பாஸ்கியை வென்றதே இல்லை என்ற பூட்டு உடைந்த பிறகு போட்டி திசை மாறியது. செப்டம்பர் 1 அன்று போட்டி முடிந்தபோது 12½–8½ என்று ஃபிஷர் உலக சாம்பியன். அவர் வென்ற ஏழு ஆட்டங்களில் நான்கு கருப்புக் காய்களோடு வென்றவை: 3, 5, 13, 21. பட்டத்தைத் தந்த கடைசி ஆட்டமும் கருப்பு ஆட்டமே. ஆறாவது ஆட்டத்தில் ஃபிஷர் வெள்ளையோடு ஆடிய அழகைப் பார்த்து, தோற்ற ஸ்பாஸ்கியே ரசிகர்களோடு சேர்ந்து மேடையில் கைதட்டினார்.

பலகையை மடக்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "ஸ்பாஸ்கி அந்த அறைக்குப் போகாமல் இருந்திருந்தால்?"

இந்த ஆட்டமே இருந்திருக்காது என்றேன்.

ஹெல்லிஸ்ஹெய்தி மேட்டுநிலம்

நகரத்தை விட்டுக் கிழக்கே போகும் சாலை மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. மேட்டுநிலம் முழுக்கப் பாசி மூடிய எரிமலைப் பாறை. நிலத்தில் ஆங்காங்கே ஆவி கிளம்புகிறது. ஹெல்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின்நிலையத்தின் குழாய்கள் பள்ளத்தாக்கு நெடுகப் பளபளக்கின்றன. ரெய்க்யவிக் வீடுகளுக்குக் குழாய் வழியே இங்கிருந்தும் வெந்நீர் போகிறது. பூமி கொடுக்கும் சூட்டை ஒரு சொட்டு வீணாக்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மாதமும் வெயில் காயும் ஊரிலிருந்து வந்த எனக்கு, அந்த வெயிலை நாம் இன்னும் எவ்வளவு வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மேட்டுநிலம் முடிகிற இடத்தில் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. கீழே பச்சைச் சமவெளி, அதற்கப்பால் கடல். அடிவாரத்தில் க்வேரகெர்தி ஊர். அங்கே நிலத்துச் சூட்டில் கண்ணாடிக் கூடாரங்கள் கட்டித் தக்காளியும் வெள்ளரியும் பூவும் வளர்க்கிறார்கள். சாலையோரக் கடையில் ஒரு தக்காளி வாங்கிக் கடித்தேன். கடையை நடத்தும் அம்மாள் எதிரே நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றதும் இன்னும் இரண்டு எடுத்துக் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. வடதுருவ வட்டத்துக்குப் பக்கத்தில் விளைந்த தக்காளி நம் ஊர் நாட்டுத் தக்காளியின் புளிப்போடு இருந்தது.

செல்ஃபோஸ்

ஒல்ஃபுசா ஆறு பனிக்கட்டி கரைந்த நீரோடு கலங்கிப் புரண்டு ஓடுகிறது. நாட்டிலேயே நீர்வரத்து அதிகமுள்ள ஆறு. அதன் பாலத்தைத் தாண்டினால் செல்ஃபோஸ். அங்கே 2013-ல் தொடங்கிய ஃபிஷர் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறிய இடம். 1972-ன் புகைப்படங்கள், செய்தித்தாள்கள், அந்தக் கோடையின் நினைவுப் பொருட்கள். படங்களில் இருபத்தொன்பது வயது ஃபிஷர் நல்ல கோட்டு போட்டு நிமிர்ந்து நடக்கிறார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை நல்ல விதமாக நடக்கவில்லை. 1975-ல் ஆடாமலேயே பட்டத்தை இழந்தார். இருபது ஆண்டுகள் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. 1992-ல் யூகோஸ்லாவியாவில் ஸ்பாஸ்கியோடு மீண்டும் ஆடினார். அது பொருளாதாரத் தடையை மீறிய குற்றம் என்று அமெரிக்கா பிடியாணை போட்டது. வானொலிகளில் யூதர்களைப் பற்றியும் தன் நாட்டைப் பற்றியும் அவர் கக்கிய வெறுப்பு மன்னிக்க முடியாதது. அவருடைய ஆட்டத்தை நேசிக்கிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004-ல் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் கைதாகிச் சிறையில் இருந்தார். 2005 மார்ச்சில் ஐஸ்லாந்து நாடாளுமன்றம் அவருக்குக் குடியுரிமை தந்து அழைத்துக்கொண்டது. 1972-ல் அவர் செய்த உதவிக்கு நாங்கள் பட்ட கடன் என்று வெந்நீர்த் தொட்டிப் பெரியவர் சொல்லியிருந்தார். கடைசிக் காலத்தில் ரெய்க்யவிக்கின் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். ஊர்க்காரர்கள் தொந்தரவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த அருங்காட்சியகத்தில் என்னை நெடுநேரம் நிறுத்தியது ஃபிஷர் அல்ல, அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்பாஸ்கியின் முகம். ஃபிஷர் ஜப்பான் சிறையில் இருந்தபோது அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் எழுதியவர் ஸ்பாஸ்கி. ஃபிஷர் செய்தது குற்றமென்றால் அதே குற்றத்தை நானும் செய்தேன், என்னையும் கைது செய்து அவர் அறையிலேயே அடையுங்கள், எங்களுக்கு ஒரு செஸ் பலகை கொடுங்கள் என்று கேட்டிருந்தார். தன் பட்டத்தைப் பறித்தவனுக்காக ஒரு மனிதர் எழுதிய கடிதம் அது.

லாகர்தைலிர்

செல்ஃபோஸிலிருந்து சிறிது தூரத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன தேவாலயம். சுற்றிலும் தாழ்ந்த வேலி. உள்ளே கிராமத்துக்காரர்களின் கல்லறைகள். அவற்றில் ஒன்று ஃபிஷருடையது. 2008 ஜனவரி 17 அன்று தன் 64-வது வயதில் இறந்தார். செஸ் பலகையின் கட்டங்கள் அறுபத்துநான்கு என்பதை அன்று பலரும் எழுதினார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் கூடி ஒரு விடிகாலையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். இடுப்புக்கும் கீழே நிற்கும் சிறிய வெள்ளைக் கல். பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி. சாம்பியன் என்ற சொல்கூட இல்லை.

பக்கத்து நிலத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த விவசாயி டிராக்டரை நிறுத்திவிட்டு வந்து பேசினார். இந்தியாவிலிருந்து நிறையப் பேர் வருகிறார்களாம். யாராவது கல்லின்மேல் ஒரு செஸ் காயை வைத்துவிட்டுப் போவார்கள் என்றார். அன்று ஒரு கருப்புச் சிப்பாய் இருந்தது. ஸ்பாஸ்கியும் 2008-ல் இங்கே வந்து நின்றிருக்கிறார். அவர் 2025 பிப்ரவரியில் மாஸ்கோவில் காலமானார்.

கல்லின்மேல் இருந்த அந்தக் கருப்புச் சிப்பாய் கருப்பின் இன்னொரு வெற்றியை நினைவுபடுத்தியது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டத்தில், நம் குகேஷ் கருப்புக் காய்களோடு டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அன்று முதல் தமிழ்நாட்டில் இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகளில் செஸ் பலகை விரிந்திருக்கிறது. பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகும் அப்பா அம்மாக்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ரெய்க்யவிக்கின் மூன்றாவது ஆட்டத்தைப் பிள்ளைகளோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஓரக் குதிரையின் துணிச்சலைக் காட்டுங்கள், வெள்ளைக் கட்டங்களைக் காட்டுங்கள். அதோடு நிறுத்தாமல், ஆட்டக் குறிப்பில் எழுதப்படாத ஒன்றையும் சொல்லுங்கள். இரண்டு புள்ளி முன்னால் இருந்த சாம்பியன், ஆடாமலேயே வெல்ல வாய்ப்பிருந்தும், ஆடித்தான் முடிவு காண வேண்டும் என்று அந்தப் பின்னறைக்குள் நடந்து போனார். கருப்பின் அந்த வெற்றியில் ஃபிஷரின் மூளைக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு ஸ்பாஸ்கியின் நேர்மைக்கும் உண்டு. பிள்ளைகள் இரண்டு பெயர்களையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.